மரவில்லைப் பேணுதலும் பழுது பார்த்தலும்

சென்ற தை மாதத்தில் ஒரு சங்கத்தின் கணக்குகளைத் தணிக்கை செய்யச் சென்றிருந்தேன். ரொக்கமும் பேரேடும் ஒத்திருந்தன. தளவாட ஜாபிதாவில், வாலிபர் விளையாட்டுப் பகுதியின்கீழ், "மரவில் 7" என்று எழுதி, அவற்றுள் ஒன்றைத் "தேய்மானம்" என்று கழித்து, கையிருப்பு 6 என்று காட்டியிருந்தார்கள். எண்ணிப் பார்த்தேன்; ஆறும் இருந்தன. ஆகவே ஜாபிதாவில் குற்றம் சொல்ல இடமில்லை.

ஆனால் அந்த ஆறு வில்களும் நாணேற்றிய நிலையிலேயே, தகரக் கூரையின்கீழ், மாலை வெயில் தாக்கும் மேற்குச் சுவரில் ஆணிகளில் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்றின் முதுகில் மயிரிழை போன்ற வெடிப்பு குறுக்கே ஓடியிருந்தது. இன்னொன்றில் சணற்கயிற்றை இறுகச் சுற்றி அதன்மேல் சாயமும் பூசியிருந்தார்கள். கழிக்கப்பட்ட ஏழாவது வில் என்னவாயிற்று என்று வினவினேன். காரியதரிசி பதில் சொல்லாமல் ஒரு பையனை அழைத்து என்முன் நிறுத்தினார். அவனுடைய இடது கண்ணுக்குச் சற்றுக் கீழே ஒரு விரற்கடை நீளத்துக்குத் தழும்பு இருந்தது. நாணை முழுவதும் இழுத்த சமயத்தில் வில் முறிந்து, மேல்துண்டு முகத்தில் அடித்ததாம். அரை அங்குலம் மேலே பட்டிருந்தால் கண் போயிருக்கும். இதைத்தான் "தேய்மானம்" என்று எழுதியிருந்தார்கள்.

மரவில் உபயோகத்தினால் தேய்வது மிகச் சொற்பம். பெரும்பாலான வில்கள் எய்யாத வேளையில் கெடுகின்றன; எய்யும் வேளையில் முறிகின்றன. இதை அந்தச் சங்கத்தாருக்கு அன்று மாலை எடுத்துச் சொன்னேன். அதையே சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன். என் தகப்பனார் தச்சுவேலை செய்தவராகையால் மரத்தின் குணம் எனக்குச் சிறு வயதிலேயே ஓரளவு தெரியும். வில்லைப் பற்றிய விஷயங்களைப் படித்தும் கேட்டும் பின்னர் அறிந்துகொண்டேன்.

ஒரு தேசத்தின் அநுபவம்

சாதாரண ஜனங்கள் யாவரும் மரவில்லை வைத்துப் பேணியதற்குச் சரித்திரத்தில் தெளிவான உதாரணம் இங்கிலாந்து. 1363-ஆம் வருஷத்தில் மூன்றாம் எட்வர்டு அரசன், உடல்வலியுள்ள ஆடவர் யாவரும் விடுமுறை நாட்களில் வில் பழகவேண்டுமென்று கட்டளையிட்டான். ஊர்களில் எய்து பழகுவதற்கென மண்திட்டுகள் அமைந்த பொதுவிடங்கள் இருந்தன. சிறந்த வில் 'யூ' என்னும் மரத்தில் ஆனது. உள்நாட்டு யூ மரம் பெரும்பாலும் கணுவும் முறுக்கும் உடையதாகையால், நல்ல தடிகள் கடல் கடந்து வரவேண்டியிருந்தன. அதற்காகவே, வில்தடி கிடைக்கும் தேசங்களிலிருந்து சரக்குக் கொண்டுவரும் கப்பல்கள் டன் ஒன்றுக்கு 4 வில்தடி வீதம் கூடவே கொண்டுவரவேண்டும் என்று 1472-இல் சட்டம் செய்தார்கள். 1566-ஆம் வருஷத்துச் சட்டம் விலையையும் வரையறுத்தது: அயல்நாட்டு யூ மரத்தாலான உயர்ந்த வில் 6 ஷில்லிங் 8 பென்ஸுக்கு மேற்படலாகாது, இரண்டாந்தரம் 3 ஷில்லிங் 4 பென்ஸ், சாதாரண வில் 2 ஷில்லிங். உயர்ந்த வில் ஒன்றின் விலைக்குச் சாதாரண வில் மூன்று வாங்கிச் சில்லறையும் மிச்சம் பிடிக்கலாம். இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பொருளை யாரும் வெயிலில் ஆணியில் மாட்டியிருக்க மாட்டார்கள்.

வில்லைப் பேணும் முறையை அறிய இரண்டு சாட்சியங்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. இரண்டும் 1545-ஆம் வருஷத்தைச் சேர்ந்தவை. ஒன்று, ராஜர் ஆஸ்கம் என்பவர் எழுதிய 'டாக்ஸோபிலஸ்' என்னும் நூல். பின்னர் அரசியாகிய எலிஸபெத்துக்கு ஆசிரியராக அமர்ந்தவர் இவர். வித்துவான்கள் லத்தீனில் எழுதிவந்த காலத்தில், தம் தேசத்தார் படித்துப் பயன்பெறவேண்டும் என்று இவர் ஆங்கிலத்தில் எழுதினார். மற்றொன்று, அவ்வருஷம் ஜூலை 19-ஆம் தேதி பிரெஞ்சுக் கப்பற்படையை எதிர்த்து நின்றபோது மூழ்கிய 'மேரி ரோஸ்' என்னும் போர்க்கப்பல். 1982 அக்டோபர் 11-ஆம் தேதி அதன் உடற்பகுதியைக் கடலினின்று தூக்கினார்கள். அக்கப்பலிலிருந்து 170-க்கு மேற்பட்ட வில்கள் கிடைத்தன. அவற்றின் நீளம் சுமார் 6 அடி 2 அங்குலம் முதல் 6 அடி 11 அங்குலம் வரை. இழுப்பு வலிமை 100 முதல் 185 ராத்தல் வரை இருந்திருக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அவ்வில்களில் பல, நாணில்லாமல் மரப்பெட்டிகளில் அடுக்கப்பட்டிருந்தன என்பதே நமக்கு முக்கியம். போருக்குப் புறப்பட்ட கப்பலிலும் வில்லை நாணேற்றி வைத்திருக்கவில்லை.

உறுப்புகளின் பெயர்

மேலே செல்லுமுன் சில பெயர்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். வில்லைப் பிடித்து நிற்கையில் இலக்கை நோக்கிய பக்கம் முதுகு. நம்மை நோக்கிய பக்கம் வயிறு. நடுவில் பிடி. அதன் இருபுறமும் மேல்தண்டு, கீழ்த்தண்டு. நுனிகளில் நாணை மாட்டுவதற்குரிய வெட்டுக்குக் குதை என்று பெயர்.

நாணை இழுக்கும்போது முதுகிலுள்ள நார்கள் நீட்டப்படுகின்றன, வயிற்றிலுள்ளவை நெருக்கப்படுகின்றன. யூ மரத்தில் வெளிப்புறத்து வெளிறிய மரம் நீட்டலைத் தாங்கும். உட்புறத்துச் சிவந்த வைரம் நெருக்கலைத் தாங்கும். இரண்டும் ஒரே தடியில் சேர்ந்து அமைந்திருப்பதே அதன் சிறப்பு. எந்த மரமானாலும், முதுகில் உள்ள நார்கள் நுனி முதல் நுனி வரை அறுபடாமல் ஓடவேண்டும். மூங்கில் வில்லில் வெளித்தோலை அடுத்த பாகமே வலிமை மிக்கது. அழகுக்காக அதைச் சீவிவிடுபவர் வில்லின் உயிரையே சீவிவிடுகிறார்.

நாண் ஏற்றுதலும் இறக்குதலும்

எய்து முடிந்தவுடன் நாணை இறக்கிவிட வேண்டும். ஒருவர் எய்த பின் மற்றவர் முறைக்காக அரைமணி நேரம் காத்திருக்க நேர்ந்தாலும் இறக்கிவிடுவது நலம். வளைத்தே வைத்த மரம் அந்த வளைவையே தன் இயல்பாகக் கொள்ளும். நாணை அவிழ்த்த பிறகும் கூன் நிமிராது. அத்தகைய வில் முன்போல் அம்பை விரைந்து செலுத்தாது. வயிற்றுநார்கள் ஒருமுறை நசுங்கினால் மீண்டும் பழைய நிலைக்கு முழுவதும் வருவதில்லை. நாணை நெடுநேரம் வில்லிலேயே விட்டுவைப்பதை, வில் முறிவதற்குக் காரணங்களில் ஒன்றாக ஆஸ்கமும் எழுதியிருக்கிறார். நாண் மிகக் குறுகியிருத்தல், நெடியதாயிருத்தல், கோணலாக மாட்டியிருத்தல் ஆகியவையும் அவர் கணக்கில் சேர்ந்தவையே.

நாணேற்றும்போது வில்லைக் கால்களுக்கிடையே நுழைத்துத் தொடையில் அழுத்தி வளைக்கும் வழக்கம் அநேகரிடம் உண்டு. இதனால் தண்டு முறுக்கிக்கொள்ளும். இரு நுனியிலும் உறை மாட்டிய கயிறொன்றைக் காலால் மிதித்துப் பிடியை மேலே தூக்கினால் இரு தண்டும் சமமாக வளையும். கயிறு இல்லாவிடில் இருவர் சேர்ந்து ஏற்றலாம். ஏற்றிய பின் பிடியின்மேல் முஷ்டியை வைத்துக் கட்டைவிரலை நிமிர்த்தினால் விரல்நுனி நாணைத் தொடவேண்டும். இது சுமார் 6 முதல் 7 அங்குலம். குறைந்தால் நாண் மணிக்கட்டில் அடிக்கும். மிகுந்தால் வில்லுக்கு வீண் பளு.

அம்பு பூட்டாமல் நாணை இழுத்து விடுவது சிறுவர்களுக்கு ஒரு விளையாட்டு. மற்ற எல்லாத் தவறுகளிலும் இது கொடியது. அம்பு கொண்டுபோக வேண்டிய சக்தி முழுவதும் திரும்பி வில்லின் தண்டுகளையும் குதைகளையும் தாக்குகிறது. எய்யும்போது நாண் அறுந்தாலும் இதே விளைவுதான். ஆகையால் நாணின் புரிகளில் ஒன்று அறுந்திருந்தாலும் அதை மாற்றிவிட வேண்டும். நாணுக்குத் தேன்மெழுகு பூசி, துணியால் சூடேறத் தேய்த்து உள்ளே இறங்கச் செய்யவேண்டும். அம்பு பூட்டும் நடுவிடத்தில் வேறு நூலைச் சுற்றிக் காப்பிட வேண்டும். இக்காலத்தில் கிடைக்கும் டாக்ரான் என்னும் பாலியெஸ்டர் நூல் மரவில்லுக்குப் பொருந்தும். சிறிதும் நீளாத புதுவகை நூல்கள் வலுவற்ற குதையைப் பிளந்துவிடும்.

வில்லை அதன் அளவுக்கு மேல் இழுப்பதும் கூடாது. 28 அங்குல இழுப்புக்குச் செய்த வில்லை, கைநீளமுள்ளவர் 30 அங்குலம் இழுத்தால் அந்த இரண்டு அங்குலத்தில்தான் அபாயம் இருக்கிறது. நீண்ட அம்பை எடுப்பதால் வரும் கேட்டை ஆஸ்கமும் குறிப்பிட்டிருக்கிறார். சங்கத்து அம்புகளை வில்லின் இழுப்பளவுக்கு ஏற்ப வெட்டி வைத்துவிட்டால் இத்தவறு நேர இடமிராது. எய்யத் தொடங்குமுன் நாலைந்து தரம் பாதியளவு மெல்ல இழுத்து, இழுத்தபடியே மெல்லத் தளரவிட்டு, மரத்தைப் பதப்படுத்திக்கொள்வதும் அவசியம்.

ஈரமும் வெப்பமும்

மரம் வெட்டியபின்னும் காற்றோடு கொடுக்கல் வாங்கல் செய்துகொண்டே இருக்கிறது. 100 ராத்தல் உலர்ந்த மரத்துக்கு 8 முதல் 10 ராத்தல் வரை நீர் இருப்பது வில்லுக்கு ஏற்ற நிலை. மழைக்காலத்தில் இது மிகும். வில் சோம்பி, எளிதில் கூன்விழும். கோடையில் தகரக் கூரையின்கீழ் மிகவும் குறைந்துவிடும். அப்போது மரம் நொறுங்கும் தன்மை அடையும். மேற்சொன்ன ஏழாவது வில் முறிந்தது சித்திரை மாதத்தில் என்று அறிந்தபோது எனக்கு ஆச்சரியம் உண்டாகவில்லை.

வில்லுக்குக் கம்பளித் துணியில் உறை தைக்கலாம் என்றும், வீட்டில் மரப்பெட்டியில் வைக்கலாம் என்றும், அதை ஈரம் கசியும் கற்சுவரின் அருகிலும் நெருப்பின் அருகிலும் வைக்கலாகாது என்றும் ஆஸ்கம் சொல்லுகிறார். நம் வீடுகளில் அடுப்பங்கரைப் பரணும் மழைச்சாரல் படும் சுவரும் இதில் அடங்கும். நடு அறையில் உட்சுவரில் இரண்டு மரமுளைகளை அடித்து, அவற்றின்மேல் வில்லைப் படுக்கையாக வைப்பது போதும். மூலையில் சாத்தி நிறுத்தக்கூடாது. கீழ்த்தண்டு தரையின் ஈரத்தையும் வில்லின் பாரத்தையும் ஒருங்கே ஏற்கும்.

மேற்பூச்சு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. நம்மவர் எந்த மரச்சாமானுக்கும் தேங்காயெண்ணெய் தடவுவார்கள். அது காய்ந்து படலமாகும் எண்ணெய் அன்று. பிசுபிசுப்பாய் நின்று தூசியைச் சேர்க்கும். ஆளிவிதை எண்ணெய் காய்ந்து இறுகும். அதை மெல்லியதாகத் தடவி, ஒவ்வொரு பூச்சும் காய்ந்தபின் அடுத்ததைத் தடவ வேண்டும். எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி ஒரு மூலையில் போட்டுவிடக் கூடாது. அவ்வெண்ணெய் காயும்போது சூடு உண்டாகித் துணி தானே தீப்பற்றிக்கொள்ளும். விரித்து வெளியில் உலர்த்தவேண்டும். அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத் தச்சர்கள் இடும் பாலிஷும் நன்று. இவற்றின்மேல் தேன்மெழுகைத் தடவிக் கம்பளித் துணியால் பளபளப்பேறத் தேய்த்து வரலாம். மெழுகிட்ட கம்பளியால் வில்லை நாள்தோறும் தேய்க்கவேண்டும் என்பதே ஆஸ்கம் கூறும் முறை. தேய்க்கும்போது கை வில் முழுவதும் செல்வதால், புதிதாக எழும்பிய சிராய் எதுவும் தப்பாது. எனக்கு மெழுகைவிட இப்பயனே பெரிதாகத் தோன்றுகிறது.

பழுதுகளை அறிதல்

வாரத்துக்கு ஒரு முறை வில்லை வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சிறிது பஞ்சை எடுத்து முதுகின்மேல் நுனி முதல் நுனி வரை மெல்ல இழுத்தால், கண்ணுக்குத் தெரியாத சிராயும் பஞ்சைப் பற்றி நிறுத்திவிடும். பின்பு வயிற்றுப் பக்கத்தைச் சாய்வான வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். அங்கே நாருக்குக் குறுக்கே மெல்லிய மடிப்புப்போன்ற கோடுகள் தென்பட்டால், அவை நெரிவுக் கோடுகள். அவ்விடத்தில் மரம் மற்ற இடங்களைவிட அதிகமாக வளைந்து நசுங்குகிறது என்பதற்கு அடையாளம். வில்லை ஒருவர் மெல்ல இழுக்க, மற்றொருவர் பத்தடி தள்ளி நின்று இரு தண்டுகளின் வளைவையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

பழுது பார்த்தல்

முதுகில் சிறு சிராய் எழும்பியிருந்தால் அதைப் பிய்த்தெடுக்கலாகாது. சற்றே உயர்த்தி, அடியில் பசையைச் செலுத்தி, அழுத்தி, அதன்மேல் பட்டுநூலையோ லினன் நூலையோ நெருக்கமாகச் சுற்றி, அச்சுற்றையும் பசையில் ஊறவைக்க வேண்டும். பழைய முறைப்படி இதற்கு வச்சிரம் உபயோகிக்கலாம். அதைத் தண்ணீரில் ஊறவைத்து, நேரே தீயில் ஏற்றாமல், வெந்நீர்ப் பாத்திரத்தினுள் வைத்துச் சுமார் 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருக்கவேண்டும். கொதித்தால் வலிமை போய்விடும். வச்சிரம் ஈரத்தில் இளகுமாகையால் மேலே அரக்குப் பூச்சு அவசியம். எபாக்ஸி என்னும் இக்காலத்துப் பசைக்கு இந்தக் கவலையில்லை. பசை முற்றும் இறுக ஒரு நாள் விட்டு, பின்னர் கால்வாசி, அரைவாசி என்று மெல்ல இழுத்துச் சோதிக்கலாம்.

நாரின் போக்கிலேயே நீளவாட்டில் ஓடும் உலர்வெடிப்பு பார்க்கப் பயங்கரமாயிருந்தாலும் தீங்கு குறைவு. நீர் இறங்காதபடி பசையால் அடைத்தால் போதும். ஆனால் அவ்வெடிப்பு சாய்ந்து சென்று தண்டின் ஓரத்தில் வெளிப்பட்டால் அது முறிவின் ஆரம்பம்.

நெரிவுக் கோட்டுக்கு நூல் சுற்றுவது, வயிற்றுவலிக்கு இடுப்பில் துண்டு கட்டுவதுபோல். குற்றம் அந்த இடத்தில் இல்லை; அதன் இருபுறமும் வளையாமல் விறைத்து நிற்கும் மரத்தில் இருக்கிறது. அவ்விரு புறங்களையும் வயிற்றுப் பக்கத்தில் சிறிதே சுரண்டி, வளைவு பரவும்படி செய்யவேண்டும். நெரிந்த இடத்துக்குச் சுற்றுப்புறத்தை அதே அளவு இளக்கிவிடும்படி ஆஸ்கம் சொன்ன பரிகாரமும் இதுவே. ஆனால் கை மிஞ்சக்கூடாது. மரத்தின் விறைப்பு அதன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. கனத்தில் 10-இல் 1 பங்கு குறைத்தால் விறைப்பில் 4-இல் 1 பங்குக்கு மேல் போய்விடும். ஆதலால் இழைப்புளியை எடுக்காமல், கத்தி முனையாலோ கண்ணாடிச் சில்லாலோ பதினைந்து இருபது தரம் சுரண்டி, நாணேற்றி, இருபது தரம் பாதியளவு இழுத்து, மறுபடி வளைவைப் பார்த்த பின்பே மேலே தொடவேண்டும். வில்லின் வலிமை சில ராத்தல் குறையும். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். எக்காரணத்தாலும் முதுகுப் பக்கத்தைச் சுரண்டலாகாது.

குதையின் விளிம்பு கூர்மையாயிருந்தால் நாணை அறுக்கும். உப்புத்தாளை உருட்டித் தேய்த்து மழுங்கச் செய்யலாம். கொம்பினால் செய்த குதை கழன்றுவிட்டால், பழைய பசையைச் சுரண்டி எடுத்து, உட்புறத்தை அரத்தால் சற்றுச் சொரசொரப்பாக்கி, மீண்டும் ஒட்டலாம். மேரி ரோஸ் வில்களில் கொம்பு கடல்நீரில் அழிந்து, நுனிகளில் நிறம் வேறுபட்ட தடம் மட்டும் மிஞ்சியிருந்தது. தண்டு முறுக்கிக்கொண்டிருந்தால் சூடு காட்டி நிமிர்த்தும் முறை உண்டு. அதைத் தேர்ந்தவரிடம் விடுவதே நலம்.

இனி, முதுகில் குறுக்கே ஓடிய வெடிப்பு. இதற்குப் பரிகாரம் இல்லை. பசையும் நூலும் தோலும் அதை மறைக்கும், தாங்கா. அத்தகைய வில் பத்து நாள் ஒழுங்காக எய்யும். பதினோராவது நாள் யாரேனும் ஒரு பையனின் முகத்துக்கு நேரே முறியும். சணற்கயிறு சுற்றிய வில்லைக் காரியதரிசியின் அநுமதியுடன் அவிழ்த்துப் பார்த்தேன். அடியில் இருந்தது குறுக்கு வெடிப்பே. ஆறு என்று எழுதிய கையிருப்பில் உண்மையில் நான்கே வில் என்று என் தணிக்கைக் குறிப்பில் எழுதினேன். பஞ்சாயத்தாரில் ஒருவர், விலைகொடுத்து வாங்கிய பொருளாயிற்றே, சுவரில் சும்மா தொங்கட்டுமே என்றார். தொங்கும் வில்லை ஒரு நாள் எவனாவது எடுப்பான் என்று அந்தத் தழும்புப் பையனே பதில் சொன்னான். அதற்குமேல் நான் பேசவேண்டியிருக்கவில்லை.

அவ்விரண்டையும் அன்றே நடுவில் அறுத்துவிட்டு, ஜாபிதாவிலும் கழித்தார்கள். கழிவுக்குக் காரணம் எழுதும் கலத்தில் "நாணிறக்காமல் வெயிலில் வைத்ததால் வெடித்தது" என்று காரியதரிசி தம் கையாலேயே எழுதினார். எடுத்தவர் பெயர், நாணிறக்கி வைத்தவர் பெயர் என்று இரண்டு புதிய கலங்களும் அந்தப் புத்தகத்தில் ஏற்பட்டன. ஆனி மாதத்தில் மறுபடி அவ்வழியே போனபோது, நான்கு வில்களும் நாணின்றி உட்சுவரில் படுத்திருந்தன. அவற்றைத் தாங்கிய முளைகள், அறுத்த வில்களின் துண்டுகளைச் செதுக்கி அடித்தவை.